காற்று சாதகம், கிளம்பவில்லை

மூன்றாவது துறைமுகம்
ஜனவரி 9

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? அப்பா இடுப்பு உடைந்த பிறகு வாக்கர் பிடித்து எத்தனை அடி நடக்கிறார்?

இன்று கரை நாள். படகுத்துறைக் குளியலறையில் வெந்நீர் வருகிறது, ஆளுக்கு ஐந்து நிமிடம். நான் சோப்பை முன்கூட்டியே குழைத்துக்கொண்டு போய் அந்த ஐந்து நிமிடத்தையும் முழுசாக அனுபவித்தேன். பிறகு துவைத்ததைப் படகின் கம்பியில் காயப்போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்கு நடந்தோம். நாலு நாள் கடலில் இருந்த கால்களுக்குத் தரை ஆடுகிறது. ரொட்டிக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "குடிச்சிருக்கீங்களாம்மா?" என்றார். அத்தான், "இல்லைங்க, குளிச்சிருக்கா" என்றார்.

படகுக்கு அவர் 'பெரியம்மா' என்று பெயர் வைத்திருக்கிறார். எஞ்சின் இருமினால், "பெரியம்மாவுக்கு வயிறு சரியில்லை" என்று உள்ளே குனிந்துவிடுவார். முப்பது வருடம் பட்டறையில் எஞ்சின் பார்த்தது போதவில்லை போல.

எங்களுக்கு ஒரு விதி இருக்கிறது. கிளம்பும் நாள் காலையில், முதல் டீயோடு, இருவரும் 'சரி' அல்லது 'இல்லை' சொல்ல வேண்டும். ஒருவர் 'இல்லை' சொன்னாலும் படகு நகராது. காரணம் கேட்கக் கூடாது, அன்றைக்கும் சரி, பிறகும் சரி. போன வருடம் பாய்மரம் முறிந்து என் தோள்பட்டை எலும்பும் முறிந்ததே, அதற்குப் பிறகு வந்த விதி.

உன் ஊர் பதினோராவது துறைமுகம். மார்ச் கடைசிக்குள் வந்துவிடுவோம். நீ ஒரு வருடம் அப்பாவைப் பார்த்துக்கொண்டாய், இனி என் முறை என்று நான் சொன்னது நினைவிருக்கிறது.

அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


வீடு
ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். அப்பாவும் நலம். நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார்.

நீ ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசும்போது நான் 'ம்', 'ஆமா' என்று மட்டும் சொல்வதற்குக் கோபம் காரணமல்ல. தொலைபேசி அவர் தலைமாட்டில் இருக்கிறது. அவர் கேட்கக் கூடாததைக் கடிதத்தில்தான் எழுத முடியும்.

எனக்கு நியமன ஆணை வந்திருக்கிறது. புதிய மண் பரிசோதனை நிலையத்துக்கு நான் பொறுப்பாளர். இங்கிருந்து ரயிலில் பன்னிரண்டு மணி நேரம். ஏப்ரல் 15-க்குள் சேர வேண்டும். பத்தொன்பது வருடமாக நான் மண்ணை இடித்து, சலித்து, காய்ச்சி முடிவு எழுதுகிறேன். கீழே வேறொருவர் கையெழுத்துப் போடுகிறார். இனி என் கையெழுத்து. இதைப் பெரிதாகச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எனக்கு இது வேண்டும்.

அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போக முடியாது. எனக்குக் கிடைப்பது மாடியில் ஓர் அறை, செங்குத்தான படிக்கட்டு. எனவே எல்லாம் நீ வருவதில் இருக்கிறது. மார்ச் கடைசி என்றால் சரியாக இருக்கும்.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வந்த அம்மா நின்றுவிட்டார். ரயில்வேயில் ஓய்வு பெற்றும் அப்பா இன்னும் டிக்கெட் பரிசோதகராகவே இருக்கிறார். அந்த அம்மாவிடம் தினமும், "எங்க ஏறினீங்க? எங்க இறங்கணும்?" என்று கேட்டால் அவரும் எத்தனை நாள் பதில் சொல்வார்? "இங்கயே இறங்கிக்கிறேன்" என்று போய்விட்டார். வேறு ஆள் பார்க்கிறேன்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கை


ஐந்தாவது துறைமுகம்
பிப்ரவரி 12

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

உன் கடிதம் துறைமுக அலுவலகத்தில் காத்திருந்தது. பொறுப்பாளர் அம்மாவுக்கு வாழ்த்துகள்! அத்தானிடம் சொன்னேன். "இனிமே கால்ல மண்ணோட அவ முன்னால நிக்கக் கூடாது, எடுத்துப் பரிசோதனை பண்ணிடுவா" என்றார்.

இன்று காலை 'இல்லை'. ஆகவே கரை நாள். இந்தத் துறைமுகத்தில் குளியலறைக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. அரை மணி நேரம் நின்றேன். இருபத்தாறு வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கழுத்தை வளைத்தே நின்றவளுக்கு வெந்நீர் கழுத்தில் விழுவது எப்படி இருக்கும் தெரியுமா? பிறகு அலைதடுப்புச் சுவரில் உட்கார்ந்து ஒரு முழு ஆரஞ்சைத் தின்றேன். யாருக்கும் சுளை பிரித்துக் கொடுக்கவில்லை.

பக்கத்துப் படகில் ஒரு தம்பதி. அந்த அம்மாள் எழுபது வயதில் தலையில் தொப்பியோடு நாள் முழுவதும் கயிறு சுற்றுகிறாள். அவளுடைய கணவர் அதை அவிழ்த்துக்கொண்டே இருக்கிறார். அத்தான் எஞ்சின் பார்த்துக் கொடுத்ததற்கு மீன் தந்தார்கள்.

அப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம்.

காற்று அடுத்த வாரம் எப்படி என்று பார்க்க வேண்டும்.

அக்கா


வீடு
பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அப்பா நலம்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆரஞ்சு இருக்கிறது, தொப்பி வைத்த அம்மாள் இருக்கிறாள், மீன் இருக்கிறது. ஏப்ரல் 15 இல்லை.

நீங்கள் இருவரும் கரையில் சும்மா இருப்பதை நான் குறை சொல்லவில்லை. உழைத்தவர்கள். ஆனால் ஐந்து துறைமுகம் முடிய நவம்பரிலிருந்து பிப்ரவரி ஆகியிருக்கிறது. மீதி ஆறுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. நான் மண் படித்தவள், கடல் தெரியாது. என்றாலும் கழிக்கத் தெரியும்.

இரண்டாவது ஆளும் நின்றுவிட்டார். மூன்றாவது ஆள் ஒரு நாள் வந்தார். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் மனைவி, "ஏம்மா, உங்கக்கா கடல்ல வர்றாங்கன்னு சொன்னீங்களே, நீந்தியா வர்றாங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எப்போது வருவாய்? ஒரு தேதி எழுது. சுற்றி வளைக்காமல் எழுது.

தங்கை


ஐந்தாவது துறைமுகம்
மார்ச் 19

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

சுகம். நீங்களும் சுகம் என்று நம்புகிறேன்.

இன்னும் இதே துறைமுகம்தான். மேல் முகவரியைப் பார்த்ததுமே பல்லைக் கடித்திருப்பாய். என்ன செய்ய? கிளம்ப நினைத்த காலைகளில் 'இல்லை' என்றாகிவிடுகிறது. சொன்னேனே, எங்கள் விதி அப்படி.

இந்த ஊரில் ஒரு நூலகம் கண்டுபிடித்தேன். வெளியூர் ஆட்களுக்குப் புத்தகம் தரமாட்டார்கள், உள்ளேயே உட்கார்ந்து படிக்கலாம். ஜன்னலோர மேசை. பதினோரு மணிக்கு எதிர்க்கடையில் டீ. நாலு மணிக்கு அத்தான் கையெல்லாம் கரியோடு வந்து வாசலில் நிற்பார். உள்ளே வர வெட்கம். "உங்க வீட்டுக்காரர் டிரைவரா?" என்று நூலகர் கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தேதி கேட்டிருந்தாய். கடலில் தேதி சொல்லி ஏமாற்ற விருப்பமில்லை. உனக்கு இன்னும் கொஞ்சம் தவணை கேட்டுப் பார்க்க முடியாதா?

அக்கா


வீடு
ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். உங்களுக்கு நான் தனியாகக் கடிதம் எழுதியதில்லை. இதுவும் மரியாதைக்காக எழுதவில்லை.

உங்கள் படகில் 'இல்லை' என்று ஒரு சொல் இருக்கிறதாம். அதைச் சொன்னால் யாரும் கேள்வி கேட்கக் கூடாதாம். நல்ல வசதி. அந்தச் சொல்லால் எனக்கு இந்த வேலை போகப் போகிறது. உங்களுக்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டும், பக்கத்துப் படகுக்காரர்களோடு அரட்டை அடிக்க வேண்டும். அதற்காக அக்காவை ஒரு துறைமுகத்தில் கட்டிப்போட்டிருக்கிறீர்கள். பாவம், அவள் உங்களை விட்டுக்கொடுக்காமல் நூலகம், டீ என்று எழுதி எனக்குப் பூசி மெழுகுகிறாள்.

கல்யாணமான நாளிலிருந்து அக்கா உங்கள் இஷ்டத்துக்குத்தான் போயிருக்கிறாள். பாய்மரம் முறிந்த அன்றும் வேண்டாம் என்று சொன்னவளை நீங்கள்தான் கிளப்பினீர்கள். இப்போது கிளம்ப வேண்டியிருக்கும்போது உட்கார வைத்திருக்கிறீர்கள்.

ஏப்ரல் 15-க்கு இன்னும் பதின்மூன்று நாள். அக்காவை ஒரு பேருந்தில் ஏற்றிவிடுங்கள். படகோடு நீங்கள் எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருங்கள்.

உங்கள் மச்சினி


ஐந்தாவது துறைமுகம்
ஏப்ரல் 13

அன்புள்ள மச்சினிக்கு,

கடிதம் கிடைத்தது. திட்டினது சரிதான், பாய்மர விஷயத்தில். மற்றதற்குப் பதில் சொல்ல எனக்கு எழுத்து வராது. எஞ்சின் என்றால் படம் போட்டுக் காட்டிவிடுவேன்.

பயணக் குறிப்பேடு நான்தான் எழுதுகிறேன். அதிலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறேன், நீயே பார்.

பிப்ரவரி 12. காற்று சாதகம். கிளம்பவில்லை.
பிப்ரவரி 20. காற்று சாதகம். கிளம்பவில்லை.
மார்ச் 3. காற்று மிகச் சாதகம். கிளம்பவில்லை.

இப்படி மொத்தம் ஒன்பது. ஒன்பது காலையும் நான் பாயின் உறையைக் கழற்றிவிட்டுத்தான் டீ குடிக்க உட்கார்ந்தேன்.

காரணம் கேட்கக் கூடாது என்பது நான் போட்ட விதி. அவள் தோளில் கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது கையடித்துக் கொடுத்தேன். ஒன்பது தடவை வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தை மறைத்து எழுதவில்லை. மேசையில் திறந்தே வைத்திருந்தேன். படித்தாள். "கையெழுத்து முன்னைக்குப் பரவாயில்லை" என்றாள். டீ போடப் போய்விட்டாள்.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

அத்தான்


வீடு
ஏப்ரல் 20

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. வெந்நீர் வருகிறது, நூலகம் இருக்கிறது. நலமாகத்தான் இருப்பாய்.

ஒன்பது முறையும் நீ. அத்தானிடம் மன்னிப்புக் கேட்டுத் தனியாக எழுதிவிட்டேன். அதுவும் உன்னால் எனக்கு வந்த வேலை.

காரணம் கேட்கக் கூடாது என்பது உங்கள் படகுச் சட்டம். நான் படகில் இல்லை. கேட்கிறேன். ஏன்?

வர விருப்பமில்லை என்றால் ஜனவரியிலேயே சொல்லியிருக்கலாம். நான் வேறு ஏதாவது பார்த்திருப்பேன், அல்லது ஆணையைத் திருப்பி அனுப்பிவிட்டு நிம்மதியாக எரிச்சல்பட்டிருப்பேன். நீ நம்பிக்கையையும் கொடுத்து, ஆரஞ்சுச் சுளையையும் எண்ணிக்கொண்டிருந்தாய்.

இயக்குநரிடம் போய் நின்றேன். ஜூன் 1 வரை தவணை கொடுத்தார். "இதுதான் கடைசிம்மா. பட்டியல்ல அடுத்த பேரு தயாரா இருக்கு" என்றார். அந்த அடுத்த பெயருக்கு வயது முப்பத்திரண்டு. எனக்கு நாற்பத்தெட்டு. எனக்கு இன்னொரு பட்டியல் வராது.

தங்கை


ஐந்தாவது துறைமுகம்
மே 14

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று வாரம் இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 11, புதன்கிழமை, காலை பதினோரு மணி. கடைத்தெருவில் தொலைபேசிக் கூண்டு காலியாக இருந்தது. நீ அப்பாவிடம் மறைத்த நியமனத்தை நானே பக்குவமாகச் சொல்லலாம் என்று தோன்றியது. மணி அடித்ததுமே எடுத்தார். யார் என்று கேட்கவில்லை. "கதவைத் திறம்மா. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். உட்கார்ந்தே இருக்கேன். திறந்து மட்டும் விடு" என்றார். என்னை நீ என்று நினைத்துவிட்டார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

நான் "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை 'இல்லை' சொன்னேன். பிறகு உனக்கு வெந்நீரைப் பற்றி எழுதினேன்.

நீ ஒவ்வொரு கடிதத்திலும் அப்பா நலம் என்று எழுதினாய். பொய் என்று தெரிந்தும் நான் சந்தோஷம் என்று எழுதினேன். ரயிலைத் தவறவிட்டாலும் நாய்க்குட்டிக்குப் பால் வைக்க மறக்காதவள் நீ. நீயே அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டுகிற அளவுக்கு வந்திருக்கிறாய் என்றால், அந்த வீட்டில் நான் என்ன ஆவேன் என்று பயந்தேன். இதுதான் காரணம். நல்ல காரணம் இல்லை. நான் வந்திருந்தால் அவர் அன்றைக்கே வெளியே வந்திருப்பார். மூன்று மாதம் நான் அவரையும் விட்டேன், உன்னையும் விட்டேன்.

படகைக் கரையேற்ற ஏற்பாடு செய்கிறோம். நான் பேருந்தில் வருகிறேன். மே 29 மதியம். அத்தான் ஒரு வாரம் கழித்து வருவார்.

அக்கா


வீடு
மே 22

அக்காவுக்கு,

ஆமாம், பூட்டினேன். ஜனவரி முதல், ஆள் இல்லாத நாளெல்லாம். காலை எட்டரைக்குத் தாழ்ப்பாள். ஒன்றரைக்கு ஓடி வந்து திறந்து, சோறு ஊட்டி, மறுபடி தாழ்ப்பாள். மாலை ஆறு வரை.

முதல் ஆள் நின்ற மறுநாள் அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவுக்குப் போய்ப் பேருந்தை நிறுத்தினார். ஏறி டிக்கெட் பார்க்க வேண்டுமாம். ஓட்டுநர் இறங்கிவந்து, "பெரியவரே, எல்லாரும் எடுத்துட்டாங்க, நானே பார்த்தேன்" என்று கையைப் பிடித்து வீட்டில் விட்டுப்போனார். அந்த ஓட்டுநர் நல்லவர். அடுத்தவர் எப்படியோ. எனவே பூட்டினேன்.

ஆய்வகத்தில் மண்ணை எடைபோடும்போது கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முடிவுகள் தப்பாகப் போயின. பத்தொன்பது வருடத்தில் முதல் முறை.

உண்மையை எழுதினால் நீ வரமாட்டாய் என்று நினைத்தேன். அதனால்தான் நலம், நலம் என்று எழுதினேன்.

29-க்கு வா. அன்றிரவே எல்லாம் சொல்லித் தருகிறேன். 31 காலை ரயில்.

தங்கை


வீடு
ஜூன் 24

அன்புள்ள தங்கைக்கு,

சுகம் என்று எழுத வந்தது. நிறுத்திக்கொண்டேன். இனி உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

அப்பா என் கையால் பாதிதான் சாப்பிடுகிறார். "நீ எந்த ஸ்டேஷன்ல ஏறின?" என்று என்னைக் கேட்கிறார். உன்னைத் தேடுகிறார். அத்தான் வந்த பிறகு கொஞ்சம் தேவலை. பழைய பேருந்து ஸ்டீயரிங் ஒன்றைக் காயலான் கடையில் வாங்கி வந்து கட்டிலில் மாட்டினார். அப்பா, "ஓட்டறது என் வேலை இல்லப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது அத்தான் ஓட்டுநராக உட்கார்கிறார். அப்பா டிக்கெட் பார்க்கிறார். ஒரு நாளைக்கு நாலு நடை.

கதவைப் பூட்டுவதில்லை. அதனால் எங்களில் ஒருவர் எப்போதும் வீட்டில். எனக்குத் தோள் பழையபடி வலிக்கிறது. நேற்று பாத்திரத்தைக் கழுவும்போது தட்டைத் தொட்டியில் போட்டு உடைத்தேன். தவறி விழவில்லை, போட்டேன்.

ஜூலை இரண்டாம் சனி உனக்கு விடுமுறை. வெள்ளி இரவு ஏறினால் சனி காலை இங்கே. ஞாயிறு மாலை திரும்பிவிடலாம். ஒரே ஒரு ராத்திரி. அப்பாவிடம் நீ வருவதாகச் சொல்லிவிட்டேன். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னார்.

உன் வேலை எப்படி இருக்கிறது? கேட்கவே இல்லையே என்று நினைக்காதே.

அக்கா


மண் பரிசோதனை நிலையம்
ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்த முறை நிஜமாகவே நலம்.

வேலை நன்றாக இருக்கிறது. துணிப்பைகளில் மண் வருகிறது, ஒவ்வொன்றிலும் ஒரு விவசாயியின் பெயர். அடியில் நான் கையெழுத்துப் போடுகிறேன். முதல் வாரம் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டுவிட்டேன். அலுவலக எழுத்தர், "மேடம், கட்டத்துக்கு வெளிய போகுது" என்றார்.

என் அறையில் ஒரு மேசை, ஒரு கட்டில். மாலை ஆறு மணிக்குப் பிறகு என்னை யாரும் கூப்பிடுவதில்லை. முதல் பத்து நாள் ஆறு மணியானால் எழுந்து நின்றுவிடுவேன், எங்கேயோ ஓட வேண்டும் என்று. இப்போது எழுவதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையோடு ரயில் நிலையத்துக்குப் போனேன். டிக்கெட் கையில் இருந்தது. ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. எட்டு நிமிடம் நின்றது. என் பெட்டி நேர் எதிரே, கதவு திறந்திருந்தது. உள்ளே ஜன்னலோரம் என் இடத்தில் ஒரு அம்மாள் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார், நான் வந்தால் எழுந்துவிடுகிற மாதிரி நுனியில். ரயில் போகும்வரை நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டேன். மறுநாள் ஏரிக்கரையில் நடந்தேன். காலில் செருப்பில்லாமல் நடந்தேன்.

வேலை அதிகம், உடம்பு சரியில்லை, இயக்குநர் வந்துவிட்டார் என்று நாலு காரணம் எழுதலாம். நீ நம்பவும் செய்வாய். எதுவும் நடக்கவில்லை. ரயில் வந்தது, நான் ஏறவில்லை. ஏப்ரலில் உனக்கு என்னென்னவோ எழுதினேன். அதில் ஒரு வரியையும் இப்போது திரும்பப் பெறவில்லை. அதையெல்லாம் நீ எனக்கே திருப்பி எழுதலாம். முகவரியை மட்டும் மாற்றினால் போதும்.

ஆகஸ்டிலும் இரண்டாம் சனி வருகிறது. வருவேன் என்று எழுத மாட்டேன்.

வழக்கமாக இந்த இடத்தில் அப்பாவை விசாரித்ததாகச் சொல் என்று எழுதுவேன். இந்த முறை அதைச் சொல்லாதே. இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தவரிடம் ரயில் தாமதம் என்றும் சொல்லாதே, அவருக்கு ரயிலைப் பற்றித் தெரியும். நான் ஏறவில்லை என்று சொல்.

தங்கை